'முதற்பாம்பு' என்றொரு வியாபாரச் சொல்

மேற்கு நாடுகளின் செல்லப்பிராணி வியாபாரிகள் உருவாக்கி உலவவிட்டிருக்கும் சொற்றொடர்களுள் 'ஆரம்பக்காரருக்கு ஏற்ற பாம்பு' என்பதைப் போல எனக்கு எரிச்சலூட்டுவது வேறொன்றுமில்லை. பாம்பு வளர்க்க விரும்பும் ஒருவர் முதலில் எந்தப் பாம்பை வாங்குவது என்று கேட்டால், சோளப்பாம்பு, பந்து மலைப்பாம்பு ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகத் தயாராக நீட்டப்படும் பெயர் போவா. அதற்கு விஷமில்லை. அது குரைப்பதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரை கொடுத்தால் போதும். கையிலே தவழவிட்டால் அமைதியாகத் தவழும். விடுமுறைக்குப் போகும்போது அயல்வீட்டாரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. இப்படி ஒரு பட்டியலை வியாபாரி ஒப்புவிப்பார்.

இந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் உண்மை. உண்மைகளை மாத்திரமே அடுக்கி ஒரு பெரும் பொய்யைச் சொல்லிவிட முடியும் என்பதைப் பத்திரிகைத் தொழிலில் தலை நரைத்தவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நான் அச்சுக்கோப்பவர்கள் ஈயத்தில் எழுத்துக் கோத்த காலத்திலிருந்து அதனைப் பார்த்து வருகிறேன். அரசாங்க அறிக்கைகள் பெரும்பாலும் அந்த முறையில்தான் தயாரிக்கப்பட்டன. போவாவைப் பற்றிய விளம்பரமும் அதே பள்ளியிற் படித்ததுதான். அது சொல்லும் விடயங்களில் குறை காண முடியாது; சொல்லாமல் விடும் விடயங்களிலேயே குறை அத்தனையும் இருக்கின்றது.

சொல்லாமல் விடுவனவற்றுள் முதலாவது காலம். போவா முட்டையிடும் பாம்பு அன்று, குட்டி ஈனுவது. பிறக்கும்போது குட்டி அரை மீற்றருக்குச் சற்றுக் குறைவு. பென்சில் பெட்டிக்குள் சுருட்டி வைத்துவிடலாம் போலிருக்கும். கடைகளில் நாம் காண்பது இதனைத்தான். மூன்று நான்கு ஆண்டுகளில் அது இரண்டு மீற்றரைத் தொடும். பெண் பாம்பானால் அதற்கு மேலும் வளரும்; புயம் பருமனான, தூக்குவதற்கு இருவர் வேண்டிய ஓர் உயிராகிவிடும். இருபது முப்பது ஆண்டுகள் உயிர் வாழ்தல் அதற்குச் சாதாரணம். அமெரிக்காவின் பிலடெல்பியா மிருகக்காட்சிசாலையில் இருந்த ஒரு போவா நாற்பது வயதைக் கடந்து 1977ஆம் ஆண்டில்தான் இறந்தது. பதினாறு வயதுப் பையனொருவன் இன்று ஒரு குட்டியை வாங்கினால், அவன் படித்து, தொழில் தேடி, ஊர் மாறி, மணம் முடித்து, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் காலத்திலும் அது பெட்டிக்குள் இருந்து கொண்டேயிருக்கும். நாயை வளர்ப்பவர் பதின்மூன்று பதினான்கு வருடங்களில் அதனைப் புதைத்துவிட்டு அழுவார். போவாவை வளர்ப்பவர்களிற் பலர் அதனைத் தம் வாழ்வின் எந்தக் கட்டத்தில் எவரிடம் தள்ளிவிடுவது என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். மேற்கு நாடுகளில் ஊர்வனவற்றுக்கான மீட்பு நிலையங்கள் நிரம்பி வழிவதன் சூட்சுமம் இதுதான்.

இரண்டாவது பெயர். 'கொலம்பியச் செவ்வால் போவா' என்று விற்கப்படும் பாம்புகளிற் பெரும்பாலானவை செவ்வால் போவாவே அல்ல. கார்ல் லின்னேயஸ் 1758இல் பெயர் சூட்டிய போவா கொன்ஸ்ரிக்ரர் தென் அமெரிக்காவின் சூரினாம், கயானா, பிரேசில், பெரு முதலிய நாடுகளுக்குரியது. வாலிற் குருதிச் சிவப்பு உடையது, அளவிற் பெரியது, வளர்க்கவும் சிரமமானது. கடைகளுக்கு வருவது மெக்சிக்கோவிலிருந்து மத்திய அமெரிக்கா வழியாகக் கொலம்பியாவின் மேற்குப் புறம் வரை பரந்துள்ள போவா இம்பெராற்றர். மரபணு ஆய்வுகளின் பின்னர் இது தனியினமாகவே கொள்ளப்படுகின்றது. இதன் வால் பெரும்பாலும் செங்கல் நிறம் அல்லது மண் நிறம். ஆனாலும் 'செவ்வால்' என்ற பட்டம் விலையைக் கூட்டுகிறது என்பதால் ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது. கீரிச்சம்பா என்று சொல்லி வேறு அரிசியை அளந்து தரும் கடைக்காரனை நாம் என்ன பெயரால் அழைப்போம்? உயிருள்ள பண்டம் என்றவுடன் அந்தப் பெயர் வாயில் வருவதில்லை.

கனடாவில் இருக்கும் என் தங்கையின் மகன் என்னை ஒருமுறை ரொறொன்ரோவின் புறநகரொன்றில் நடந்த ஊர்வனக் கண்காட்சிக்கு அழைத்துச் சென்றான். மண்டபம் முழுவதும் மேசைகள். மேசைகளின் மேல், இங்கே தயிர் வாங்கும் கோப்பைகளைப் போன்ற பிளாஸ்ரிக் கிண்ணங்கள் நூற்றுக்கணக்கில். ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் ஒரு குட்டிப் பாம்பு. மூடியிலே விலை. "மாமா, இது சின்ன இனம், பெரிசா வளராதாம்" என்று அவன் ஒரு கிண்ணத்தைக் காட்டினான். அது வளருமா வளராதா என்பதைத் தாயைப் பார்த்தால் சொல்லிவிடலாமே என்று வியாபாரியிடம் தாய்ப் பாம்பைக் காட்டும்படி கேட்டேன். அது வீட்டில் இருக்கிறது என்றார். படமாவது உண்டா என்றேன். இல்லை என்றார். என்ன திகதியிற் பிறந்தது, எத்தனை தடவை இரை எடுத்திருக்கிறது, எத்தனை தடவை தோல் உரித்தது என்ற கேள்விகளுக்கும் தெளிவான விடை இல்லை. அதைவிட என்னை வியக்கவைத்தது, அவர் எங்களிடம் ஒரேயொரு கேள்வியைத்தான் கேட்டார் என்பது: காசா, அட்டையா? பையனுக்கு என்ன வயது, வீடு சொந்த வீடா வாடகை வீடா, வீட்டிலே கைக்குழந்தை உண்டா, பெட்டி தயாரா என்று எதுவும் கேட்கவில்லை. கொழும்பிலே ஒரு நாய்க்குட்டியை விற்பவர்கூட அது எங்கே படுக்கும் என்று கேட்பதுண்டு.

'சிறிய இனம்' என்ற அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கின்றது. ஹொண்டூராஸ் நாட்டின் கரீபியக் கரைக்கு அப்பால் காயோஸ் கொச்சினோஸ் என்ற தீவுக்கூட்டம் உண்டு. மொத்தத்தில் இரண்டு சிறு தீவுகளும் சில பவளத் திட்டுகளுமே. அங்கே உடலிற் சிறுத்த, வெளிறிய இளஞ்சிவப்பும் சாம்பலும் கலந்த, சாதுவான ஒருவகைப் போவா வாழ்கின்றது. வியாபாரிகள் அதற்குப் பன்றித்தீவுப் போவா என்று பெயரிட்டார்கள். சிறியது, அழகியது, கடிக்காதது. 'முதற்பாம்பு' என்பதன் முழு இலக்கணமும் அதனிடம் இருந்தது. விளைவு என்ன? 1980களில் அந்தச் சிறு தீவுகளிலிருந்து அவை மூட்டை மூட்டையாகப் பிடிக்கப்பட்டு அமெரிக்கச் சந்தைக்கு ஏற்றப்பட்டன. கண்ணிற் பட்டதையெல்லாம் பிடித்தார்கள். பிடிப்பதற்கு இனி இல்லை என்ற நிலை வரும்வரை பிடித்தார்கள். 1993இல் தீவுகள் பாதுகாக்கப்பட்ட பிரதேசமாக்கப்பட்ட பின்னரே அந்தப் பாம்பு மெல்லத் தலை எடுத்தது. சாது என்ற குணம் அதனைக் காப்பாற்றவில்லை. அதுவே அதன் விலையாகிவிட்டது. இன்று அதே பெயரில் விற்கப்படுபவை கூட்டிலே பெருக்கப்பட்ட சந்ததியினரும் கலப்பினங்களும்தான். அவற்றை வாங்குவது இப்போது தீவைப் பாதிப்பதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆயினும் அந்தச் சந்ததியின் மூலதனம் எங்கிருந்து வந்தது என்பதை எந்த விற்பனைப் பட்டியலும் அச்சிடுவதில்லை.

காட்டிலிருந்து பிடிப்பது குறைந்த பின்னர் நிறங்களின் யுகம் தொடங்கிற்று. வெண்ணிறம், செம்மஞ்சள், கோடு போட்டது, புள்ளி அழிந்தது என்று மரபுத் திரிபுகளைத் தேடிப் பிடித்து, தந்தையை மகளோடும் அண்ணனைத் தங்கையோடும் சேர்த்து, நிறத்தை நிலைநாட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கவர்ச்சிப் பெயர் சூட்டி, பங்குச் சந்தையைப் போல விலை பேசுகிறார்கள். பந்து மலைப்பாம்பில் 'சிலந்தி' என்ற நிறவகையை உண்டாக்கியபோது அதனோடு ஒட்டிக்கொண்டு தலைநடுக்கமும் சமநிலை இழப்பும் வந்தன. அந்தப் பாம்பு இரையைக் குறி பார்த்துப் பாயும்போது குறி தவறுவதைக் காண்பது வேதனைக்குரியது. அப்படியிருந்தும் அது நெடுங்காலம் விற்றது. போவாவை வாங்கப் போகும் புதியவர் நிறத்தைக் கொண்டுதான் தேர்ந்தெடுக்கிறார். வியாபாரமும் அதைத்தான் விரும்புகிறது. நிறம் கண்ணுக்குத் தெரியும்; நோய் தெரியாது.

நோய் என்றவுடன் போவாக்களைப் பிடித்திருக்கும் பெருஞ்சாபத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உயிரணுக்களுக்குள் புரதக் கட்டிகள் சேரும் ஒரு நோய் 1970களிலிருந்தே வளர்ப்பாளரை வாட்டி வந்தது. பாம்பு இரையைக் கக்கும், மெலியும், சில வேளைகளில் தலையை வான் நோக்கித் திருப்பிக்கொண்டு திரும்ப இறக்க முடியாமற் கிடக்கும். காரணம் தெரியவில்லை. 2012இல் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நோயுற்ற பாம்புகளின் மரபணுப் பொருளை அலசி, அதுவரை பாலூட்டிகளில் மட்டுமே அறியப்பட்டிருந்த அரீனாவைரஸ் குடும்பத்தின் புதிய உறுப்பினர்கள் அங்கே ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். இந்த ஆய்வைத் தூண்டியவர்களுள் தன் போவாவுக்கு நோய் வந்துவிடுமோ என்று அஞ்சிக் கடிதம் எழுதிய ஒரு சாதாரண வளர்ப்பாளரும் ஒருவர் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அந்த ஒரு கடிதம் விற்பனைப் பத்திரிகைகள் அத்தனையும் சேர்ந்து செய்யாத காரியத்தைச் செய்தது.

இந்த நோய்க்கு இன்றும் மருந்தில்லை. போவாக்கள் வைரசைச் சுமந்துகொண்டு வருடக்கணக்கில் எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கக்கூடும். அதே வைரஸ் மலைப்பாம்புகளை விரைவிற் கொன்றுவிடும். இரத்தத்திலிருந்து கண்டறியும் பரிசோதனை உண்டு. அப்படியிருக்க, விற்பனைக்கு வைத்திருக்கும் பாம்பைப் பரிசோதித்தீர்களா என்று கேட்டால் முகஞ்சுளிக்கும் வியாபாரிகளே அதிகம். பரிசோதனைக்கான செலவு குட்டியின் விலையில் பெரும்பங்காகிவிடும் என்பது அவர்களின் நியாயம். நோயைத் தெரியாத்தனமாக விற்பது இலாபம், தெரிந்துகொள்வது நட்டம் என்ற கணக்கு இது. இதனை வாங்குபவரின் தலையிற் கட்டிவிட்டு, 'ஆரம்பக்காரருக்கு ஏற்றது' என்று மேலே ஒரு பூவையும் செருகிவிடுகிறார்கள்.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் கதையை எடுத்துக்கொள்வோம். புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்திற் பர்மிய மலைப்பாம்புகள் பெருகிவிட்ட சங்கதி உலகறிந்தது. அவற்றின் மூலம் செல்லப்பிராணி வியாபாரமே. 2012இல் வெளியான ஓர் ஆய்வு, மலைப்பாம்புகள் நீண்டகாலமாக நிலைபெற்ற பகுதிகளில் ரக்கூன்களின் காட்சி 99 சதவீதத்துக்கு மேலும், ஒபோசம்களின் காட்சி ஏறத்தாழ 99 சதவீதமும் வீழ்ந்துவிட்டதைக் காட்டியது. அதற்கு முன்னரே, 2009இல், அமெரிக்கப் புவியியல் அளவை நிறுவனம் ஒன்பது பெரும் பாம்பினங்களை ஆராய்ந்து அவற்றுள் ஐந்தை உயர் ஆபத்துடையவை என்று வகைப்படுத்தியது. அந்த ஐந்தில் ஒன்று போவா. 2010இல் ஒன்பதையும் தீங்கு விளைக்கும் இனங்களாகப் பட்டியலிட முன்மொழிந்தார்கள். 2012இல் நான்கு இனங்கள் பட்டியலேறின. 2015இல் மேலும் நான்கு. ஒன்பதிலிருந்து எட்டைக் கழித்தால் மிஞ்சுவது எது? உயர் ஆபத்துடையது என்று அரசின் சொந்த நிறுவனமே சொன்ன போவா. அது பரிசீலனையிலிருந்தே விலக்கிக் கொள்ளப்பட்டது. குறைந்த ஆபத்துடைய அனகொண்டாக்கள் தடைக்குள் வந்தன. அதிகம் விற்பனையாகும் போவா வெளியே நின்றது. இதற்கு விளக்கவுரை எழுதத் தேவையில்லை.

பின்னர் 2017இல் வாஷிங்டனிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம், அந்தச் சட்டம் பெருநிலத்து மாநிலங்களுக்கு இடையிலான போக்குவரத்தைத் தடுப்பதற்கு அதிகாரம் அளிக்கவில்லை என்று தீர்ப்பளித்து, இருந்த வேலியிலும் பெரும் பொத்தல் போட்டது. வழக்குத் தொடுத்தது வளர்ப்பாளர், வியாபாரிகளின் சங்கம்.

போவா காட்டிலே நிலைபெறாது என்று வாதிடுபவர்கள் வரைபடத்தை விரித்துப் பார்க்கட்டும். மியாமிக்குத் தெற்கேயுள்ள டீரிங் தோட்டத்தில் 1970களிலிருந்தே போவாக்கள் இனம் பெருக்கி வாழ்கின்றன. மெக்சிக்கோவின் கொசுமெல் தீவில் 1971இல், திரைப்படப் பிடிப்புக்குக் கொண்டுவரப்பட்ட ஒருசில பாம்புகள் விடப்பட்டன. இன்று தீவு முழுவதும் அவை. அரூபாத் தீவில் 1999இல் முதன்முதலாகக் கண்டார்கள். அதன்பின் அவற்றை ஒழிக்க முடியவில்லை. புவேர்ட்டோ ரிக்கோவின் மயாகுவெஸ் பகுதியிலும் அவை நிலைபெற்றுவிட்டதை 2013இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். இவற்றிலெல்லாம் தீவுக்கே உரிய பறவைகளும் பல்லிகளும் விலை கொடுக்கின்றன. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆணே இல்லாமற் பெண் போவா குட்டி ஈன முடியும் என்பது 2010இல் மரபணு மூலம் நிறுவப்பட்டது. அமெரிக்காவில் ஒரே தாய் இரண்டு ஈற்றில் இருபத்திரண்டு பெண் குட்டிகளைத் தந்தையின்றிப் பெற்றது. நமது புராணங்களில் இதற்கு இடமுண்டு. வனஜீவராசிகள் அதிகாரிகளின் திட்டங்களில் இல்லை.

இத்தனையும் படித்துவிட்டு, பாம்பு வளர்ப்பதையே தடைசெய்ய வேண்டும் என்று நான் சொல்லப்போவதாக எவரும் எண்ணக்கூடும். இல்லை. தடை கோரும் தரப்பிலும் நேர்மை குறைவு. நெப்ராஸ்காவில் 2010இல் ஒருவர் தன் போவாவை நண்பருக்குக் காட்டும்போது அது கழுத்தைச் சுற்றி இறுக்கி அவர் உயிரிழந்தார். கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் 2013இல், கூட்டிலிருந்து தப்பிய ஆபிரிக்க மலைப்பாம்பொன்று உறங்கிக்கொண்டிருந்த நாலு வயதும் ஆறு வயதுமான இரு சகோதரர்களைக் கொன்றது. இவை நெஞ்சை உலுக்கும் சம்பவங்கள். இரண்டாவது சம்பவத்தில் அந்த இனத்தைத் தனியார் வைத்திருப்பதற்கே அங்கு இடமிருக்கவில்லை; சட்டம் ஏட்டில் இருந்தது, பாம்பு கடைக்கு மேல்மாடியில் இருந்தது. ஆனால் இவற்றைப் பிடித்துக்கொண்டு பாம்பு என்றாலே கொலைகாரன் என்று எழுதும் பத்திரிகையாளர்கள் என் தொழிலுக்கு இழுக்குத் தேடுகிறார்கள். போவாவினால் மனிதர் இறப்பது மிக மிக அரிது. பாதிக்கப்படுவது பெரும்பாலும் பாம்புதான். மெல்லிய பிளாஸ்ரிக் இழுப்பறைக்குள் உடலை ஒருதரமேனும் நேராக நீட்ட முடியாமற் கிடந்து, அளவுக்கு மிஞ்சி இரையூட்டப்பட்டுக் கொழுத்து, ஈரலிப்பு இல்லாமல் தோல் துண்டு துண்டாக உரிந்து, கடைசியில் ஒரு சாக்குப் பையில் எவர் வாசலிலோ வைக்கப்படும் அந்த மெதுவான கொடுமைக்கு எந்தத் தலைப்பும் கிடைப்பதில்லை.

பாம்பு விடயத்தில் நாம் மற்றவருக்கு உபதேசிக்கும் தகுதி உடையவர்களும் அல்லர். நாகதம்பிரானுக்குப் பால் வைத்துவிட்டு வீடு திரும்பும் வழியில் சாரையைக் கண்டால் தடியெடுக்கும் சமூகம் நாம். வயலில் எலி பிடித்துத் தரும் வெங்கிணாந்தி நம் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? போவாவின் உறவினமான மண்ணுளிப் பாம்பைத் தமிழ்நாட்டிலும் பிற இந்திய மாநிலங்களிலும் செல்வம் தரும் இருதலைப் பாம்பு என்று நம்பவைத்து இலட்சக்கணக்கான ரூபாய்க்கு விற்று மோசடி செய்கிறார்கள். சென்னை விமான நிலையத்தில் பாங்கொக்கிலிருந்து வந்த பயணிகளின் பெட்டிகளில் மலைப்பாம்புக் குட்டிகள் அகப்படுவது அண்மைய ஆண்டுகளில் வாடிக்கையான செய்தியாகிவிட்டது. அங்கும் 'முதற்பாம்பு' மோகம் போய்ச் சேர்ந்துவிட்டது. 2024இல் இந்திய அரசு அயல்நாட்டு விலங்குகளை வைத்திருப்போர் பதிவு செய்யவேண்டும் என்று விதி இயற்றியது அதன் எதிரொலியே. இலங்கையில் 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கின்றது. ஆகவே இங்குள்ள இளைஞர் எவராவது போவா வாங்க யோசித்தால் அவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அனுமதியின்றி வருவது கடத்தற் பொருள். அது எந்தப் பெட்டியில் மூச்சுத் திணறி வந்தது, கூட வந்தவற்றில் எத்தனை வழியிற் செத்தன என்று விற்பவர் சொல்லமாட்டார்.

வளர்ப்பது சட்டபூர்வமாக உள்ள நாடுகளில் வாழ்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. ஒருவர் எல்லாம் அறிந்த பின்னரும் போவா வளர்க்க விரும்பினால், அந்த விருப்பத்தை நான் இகழமாட்டேன். அது அழகிய பிராணி. இரையின் இதயத் துடிப்பைத் தன் உடலால் உணர்ந்து, துடிப்பு நின்ற பின்னரே பிடியைத் தளர்த்தும் நுட்பம் அதற்கு உண்டு. அது மூச்சைத் திணறடித்துக் கொல்கிறது என்று நாமெல்லாம் பாடசாலையிற் படித்தது தவறு, இரத்த ஓட்டத்தை நிறுத்தியே கொல்கிறது என்று 2015இல் அமெரிக்க ஆய்வாளர் ஸ்கொட் போபாக் குழுவினர் அளந்து காட்டினார்கள். இப்படியான ஓர் உயிரை அருகிலிருந்து நோக்க விரும்புவது கல்வியின் ஒரு வகைதான்.

ஆனால் தேர்வு குட்டிகளின் கிண்ணங்களுக்கு முன்னால் நடக்கக் கூடாது. மீட்பு நிலையத்தில் கைவிடப்பட்டுக் கிடக்கும் வளர்ந்த ஆண் போவாவின் முன்னால் நடக்க வேண்டும். ஆண் பெண்ணிலும் சிறியது, அதன் அளவு இனி மாறப்போவதில்லை, குணம் தெரிந்தது, உறைந்த எலியை வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தால் எடுக்கிறதா என்பதும் தெரிந்தது. உயிருள்ள எலியை உள்ளே விடுவது வீரமல்ல. பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறிய சம்பவங்கள் உண்டு. வளர்ந்த போவாவுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஓரளவான இரை போதும். ஊட்டி ஊட்டி வளர்ப்பது பாசமல்ல, கொழுப்பு நோய். பெட்டியின் ஒரு பக்கம் 32 பாகை செல்சியஸ், மறுபக்கம் 26 பாகை, இடையிலே பாம்பு தானே தெரிவு செய்ய இடம், ஒளிந்திருக்க இரண்டு குகை, உடலை முழுமையாக நீட்டக்கூடிய நீளம். இரண்டு மீற்றர் பாம்புக்கு இரண்டு மீற்றர் பெட்டி என்று சொன்னால் வியாபாரி சிரிப்பார். அவர் அதனை அரை மீற்றர் இழுப்பறையில் வைத்துத்தான் இலாபம் பார்க்கிறார். அவருடைய சிரிப்பு ஆலோசனையாகாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டில் ஊர்வன வேண்டாம் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நிலையம் எச்சரிப்பது கடிக்காக அல்ல, சல்மொனெல்லாக் கிருமிக்காக.

குளிர் நாட்டில் வாழ்பவர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 2013 டிசம்பரில் ரொறொன்ரோவைப் பனிமழைப் புயல் தாக்கியபோது இலட்சக்கணக்கான வீடுகள் மின்சாரமின்றி இருண்டன. சில இடங்களில் அது நாட்கணக்கில் நீடித்தது. மனிதர் கம்பளிக்குள் ஒடுங்கினார்கள். வெப்பமண்டலப் பாம்பு கம்பளிக்குள் ஒடுங்கிப் பயனில்லை. அதன் உடலிற் போர்த்திக் காக்க வெப்பமே இல்லை. அன்றிரவு என்ன செய்வோம் என்பதற்கு விடை வைத்திராதவர் வாங்கக் கூடாது. ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை செய்யத் தெரிந்த மிருகவைத்தியர் எத்தனை மைல் தூரத்தில் இருக்கிறார் என்பதற்கும் விடை வேண்டும். பெரும்பாலான மிருகவைத்தியர்கள் நாய் பூனையோடு நின்றுவிடுபவர்கள்.

சட்டம் இயற்றுபவர்களிடம் நான் கேட்பது தடையல்ல. ரொறொன்ரோ மாநகரசபை வளர்ந்த நிலையில் மூன்று மீற்றருக்கு மேற்செல்லும் பாம்புகளுக்குத் தடை விதித்திருக்கிறது. அளவுகோல் பிழையல்ல, ஆனால் வளர்ந்த நிலையை யார் சொல்வது? கோப்பைக்குள் கிடக்கும் குட்டியை வைத்துக்கொண்டு விற்பவர் சொல்கிறார். எனவே விற்பவரின் பக்கத்திலேயே கடிவாளம் வேண்டும். விற்கப்படும் ஒவ்வொரு போவாவோடும் பிறந்த திகதி, தாய் தந்தையரின் இனமும் அளவும், வைரஸ் பரிசோதனையின் பெறுபேறு ஆகியவை எழுத்தில் வரவேண்டும். வாங்குபவர் வளர்ந்த பாம்புக்கான பெட்டியை வாங்கியிருக்கிறார் என்பதற்கான பற்றுச்சீட்டைக் காட்டிய பின்னரே பாம்பு கைமாற வேண்டும். வளர்க்க இயலாமற் போனால் விற்றவரே கட்டணமின்றித் திருப்பி எடுக்கக் கடப்பாடு உடையவராக இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைக் கேட்டால்தான் வியாபாரிகள் கொதிப்பார்கள். முப்பது வருடம் வாழும் ஒரு பிராணியை எத்தனை பேர் எத்தனை மாதத்திற் கைவிடுகிறார்கள் என்பது அவர்களைவிட நன்றாக வேறெவருக்கும் தெரியாது.